கோழிக்கு உண்டு, குடும்ப அட்டைக்கு இல்லை

கொச்சி மட்டாஞ்சேரியின் பஜார் சாலையை ஒட்டிய சின்னச் சாப்பாட்டுக் கடைகளில் கஞ்சி கேட்டால், ஆழமான பீங்கான் கிண்ணத்தில் சிவந்த புழுங்கலரிசிக் கஞ்சி வரும். கூடவே தோலோடு வேகவைத்துத் தேங்காய் சேர்த்துக் கிளறிய பச்சைப்பயறு, ஒரு உருண்டை சம்மந்தித் துவையல், சுட்ட பப்படம். கையில் கொஞ்சம் காசு இருக்கிற நாள் என்றால் இரண்டு மத்தி மீன். படகிலிருந்து கிடங்குக்கும் கிடங்கிலிருந்து வண்டிக்கும் மூட்டை சுமந்த தலைமுறைகள் இதைத் தின்றுதான் முதுகை நிமிர்த்தியிருக்கின்றன. தமிழ்நாட்டுச் சாப்பாட்டுக்கு இது அன்னியமும் அல்ல. நம் வீட்டுச் சோறும் பருப்பும், இட்லிக்கு அரிசியும் உளுந்தும் ஊறவைக்கிற வழக்கமும் இதே குடும்பத்தைச் சேர்ந்தவைதான்.

அந்தத் தட்டிலிருந்து பயறையும் மத்தியையும் எடுத்துவிட்டுக் கஞ்சியை மட்டும் இரண்டு மடங்காக ஊற்றினால் என்ன குறையும்? வயிறு நிறையும். உடம்பு ஓடுவதற்கான எரிசக்தியும் கிடைத்துவிடும். முக்கியமாகக் குறைவது லைசின் என்ற ஒரு அமினோ அமிலம். அந்த ஒன்றின் குறை மற்ற எல்லாவற்றையும் பாதிக்கும் என்பதையும், அது நம் நாட்டில் யாரை அதிகம் பாதிக்கிறது என்பதையும் அறிவியல் தெளிவாகவே சொல்லிவிட்டது. அரசின் உணவுக் கணக்கில்தான் அது இன்னும் ஏறவில்லை.

பூக்கட்டுகிறவரை நினைத்துக்கொள்ளுங்கள். நாலு மல்லிகைக்கு ஒரு கனகாம்பரம் என்று சரம் கேட்டிருக்கிறார்கள். கனகாம்பரம் பாதியில் தீர்ந்துபோனால் கூடையில் மல்லிகை குவிந்து கிடந்தும் சரம் நீளாது. மிச்சப் பூ வாடிப்போகும். உடம்பு புரதம் கட்டுவதும் இப்படித்தான். இருபது அமினோ அமிலங்களில் ஒன்பதை உடம்பால் செய்துகொள்ள முடியாது, உணவிலிருந்தே வரவேண்டும். அந்த ஒன்பதில் அரிசியிலும் கோதுமையிலும் முதலில் தீர்ந்துபோவது லைசின். அரிசிப் புரதத்தின் ஒரு கிராமில் ஏறத்தாழ 35 முதல் 40 மில்லிகிராம் லைசின் இருக்கிறது, கோதுமையில் 30க்கும் கீழே. பயறு, பருப்பு வகைகளில் 65 முதல் 75 வரை. மீனில் 80ஐத் தாண்டும். தசை வளர, காயம் ஆற, எலும்பையும் தோலையும் தாங்கும் கொலாஜென் உருவாக, கொழுப்பை எரிக்க உதவும் கார்னிட்டின் உண்டாக, எல்லாவற்றுக்கும் லைசின் வேண்டும்.

1889இல் ஜெர்மானிய வேதியியலாளர் எட்மண்ட் டிரெக்செல் பால் புரதமான கேசினிலிருந்து இதைப் பிரித்தெடுத்தார். இதன் அருமையை உலகுக்குக் காட்டியது 1914இல் அமெரிக்காவின் கனெக்டிகட் மாநிலத்தில் தாமஸ் ஆஸ்போர்னும் லஃபாயெட் மெண்டலும் வெளியிட்ட எலி ஆய்வு. கோதுமையில் உள்ள கிளியாடின் என்ற புரதத்தை மட்டும் கொடுத்து வளர்த்த குட்டி எலிகள் சாகவில்லை, வளரவும் இல்லை. ஓடின, தின்றன, குட்டியாகவே நின்றன. உணவில் லைசினைச் சேர்த்ததும் நின்றுபோன வளர்ச்சி மீண்டும் தொடங்கியது. பசியோடு இருப்பது ஒன்று, வயிறு நிறைந்தும் வளராமல் நிற்பது வேறொன்று என்பதை அந்த எலிகள் காட்டின.

மனிதருக்கு நாள் ஒன்றுக்கு எவ்வளவு லைசின் வேண்டும் என்ற கேள்வியில்தான் இந்தியாவுக்கு நேரடிப் பங்கு வருகிறது. 1985இல் ஐ.நா. அமைப்புகளின் நிபுணர் குழு, வளர்ந்தவர்களுக்கு உடல் எடையில் கிலோவுக்கு 12 மில்லிகிராம் போதும் என்றது. 60 கிலோ எடையுள்ளவருக்கு நாளுக்கு 0.72 கிராம். இந்த எண்ணை வைத்துக் கணக்குப் போட்டால், 400 கிராம் அரிசி உண்பவருக்குச் சோற்றிலிருந்தே ஒரு கிராம் லைசின் கிடைத்துவிடுகிறது. பருப்பே வேண்டாம், மீனே வேண்டாம், சோறு மட்டும் போதும் என்று அந்த எண் சொல்லாமல் சொன்னது. ஏழை நாடுகளின் உணவுக் கொள்கை வகுத்தவர்களுக்கு அது எவ்வளவு வசதியான எண் என்பதை விளக்க வேண்டியதில்லை.

அந்த எண் பெரும்பாலும் மேலை நாட்டு ஆட்களின் உடலில் நைட்ரஜன் வரவு செலவு பார்த்துப் போடப்பட்டது. அது மிகக் குறைவு என்று முதலில் வாதாடியவர் அமெரிக்காவின் எம்ஐடியைச் சேர்ந்த வெர்னன் யங். அவர் சொன்னதை இந்திய உடல்களில் அளந்து பார்த்தது பெங்களூரு செயின்ட் ஜான்ஸ் மருத்துவக் கல்லூரியில் அனுரா குர்பாட் தலைமையிலான குழு. அவர்கள் கையாண்ட முறையில் எனக்கு இன்றும் வியப்பு உண்டு. ஆய்வுக்கு வந்தவரின் உணவில் லைசின் அளவை மட்டும் படிப்படியாக மாற்றுவார்கள். லூசின் என்ற வேறொரு அமினோ அமிலத்தில், சற்றே கனமான கார்பன் அணுவை அடையாளமாக வைத்து உடம்புக்குள் செலுத்துவார்கள். லைசின் போதாவிட்டால் புரதம் கட்டும் வேலை நின்றுவிடும். கட்டப்படாத லூசின் எரிந்து, அந்தக் கனமான கார்பன் மூச்சில் வெளியே வரும். கனகாம்பரம் தீர்ந்ததும் வாடிய மல்லிகைதான் அது. 24 மணி நேரம் மூச்சையும் இரத்தத்தையும் அளந்துகொண்டே இருப்பார்கள். லைசினைக் கூட்டிக்கொண்டே போனால் மூச்சில் வரும் கனக் கார்பன் குறைந்துகொண்டே வந்து, ஒரு புள்ளிக்குப் பிறகு குறைவது நிற்கும். அந்தப் புள்ளிதான் உடம்பின் உண்மையான தேவை.

ஆரோக்கியமான இந்தியர்களிடம் அது கிலோவுக்கு ஏறத்தாழ 30 மில்லிகிராம் என்று தெரியவந்தது. பழைய அளவைப் போல இரண்டரை மடங்கு. 2007இல் வெளியான உலக சுகாதார நிறுவன, உணவு வேளாண் நிறுவன அறிக்கை இந்த 30ஐ உலகத்துக்கே அளவாக ஏற்றுக்கொண்டது. உலக அளவுகோல் ஒன்றைத் திருத்தி எழுதியதில் பெங்களூரு ஆய்வுக்கூடத்துக்கு முக்கியப் பங்கு இருந்தது என்பது நம் பள்ளிப் பாடநூலில் ஒரு பத்தியாகவாவது இருக்க வேண்டிய செய்தி.

ஆனால் அதே குழு 2003இல் வெளியிட்ட இன்னொரு முடிவுதான் என்னை விடாமல் உறுத்துகிறது. நெடுநாள் ஊட்டக்குறைவோடு வாழ்ந்த இந்திய ஆண்களிடம் இதே அளவீட்டைச் செய்தபோது தேவை கிலோவுக்கு 44 மில்லிகிராம் என்று வந்தது. மெலிந்த உடம்புக்குக் குறைவாகத்தானே தேவைப்படும் என்று நாம் நினைப்போம், நடந்தது நேர்மாறு. குடற்புழுவும் அடிக்கடி வரும் குடல் நோயும் உண்ட லைசினில் பங்கு கேட்கின்றன. ஊட்டக்குறைவுள்ள இந்தியப் பள்ளிக் குழந்தைகளிடம் பின்னர் நடந்த ஆய்வில், புழுநீக்க மருந்து கொடுத்துக் குணமான பிறகு அவர்களின் லைசின் தேவை குறைந்தது. தண்ணீர்த் தேங்கலும் திறந்த சாக்கடையும் நெருங்கிய குடியிருப்பும் உள்ள இடத்தில் வாழ்பவருக்கு, நல்ல தண்ணீர் வரும் அடுக்குமாடியில் வாழ்பவரைவிட அதிக லைசின் தேவை. வருவது என்னவோ குறைவு. மழைக்காலத்தில் மட்டாஞ்சேரியின் உள் சந்துகளில் ஒருமுறை நடந்தவருக்கு இந்த ஆய்வு முடிவு வெறும் எண்ணாகத் தெரியாது.

இதற்கெல்லாம் முன்பே நாடு லைசினைப் பற்றிக் கவலைப்பட்ட காலம் ஒன்று உண்டு. 1968இல் ஐ.நா. உலகப் புரத நெருக்கடி பற்றி அறிக்கை வெளியிட்டது. இந்திய அரசு 1965இல் தொடங்கிய மாடர்ன் பேக்கரீஸ் நிறுவனத்துக்கு ஆஸ்திரேலியாவும் கனடாவும் உதவின. அதன் ஆலைகளில் ஒன்று கொச்சி இடப்பள்ளியில் எழுந்தது. இந்த நிறுவனத்தின் ரொட்டியில் வைட்டமின்களோடு லைசினும் சேர்க்கப்பட்டது. நோக்கம் நல்லதுதான். ஆனால் அன்றைக்கு வெள்ளை ரொட்டி வாங்கியது நகரத்து நடுத்தரக் குடும்பம். மூட்டை சுமந்தவரின் காலை உணவில் அந்த ரொட்டி இல்லை. போதாக்குறைக்கு, லைசின் சூட்டில் சர்க்கரையோடு சேர்ந்து பழுப்பாகும் குணம் கொண்டது. ரொட்டியின் மேல்தோல் பொன்னிறமாகும்போது அதில் ஒரு பகுதி உடம்புக்கு உதவாமல் போய்விடும். 2000இல் அந்த அரசு நிறுவனத்தின் 74 சதவீதப் பங்கு இந்துஸ்தான் லீவருக்கு விற்கப்பட்டது. லைசின் ரொட்டி ஒரு நினைவாக மட்டும் நின்றது.

விதையிலேயே லைசினை ஏற்றிவிடும் முயற்சியும் அந்தக் காலத்தில் நடந்தது. 1964இல் அமெரிக்காவின் பர்டியூ பல்கலைக்கழகத்தில் லைசின் மிகுந்த மக்காச்சோளம் கண்டறியப்பட்டது. இந்தியா 1971இலேயே சக்தி, ரத்தன், புரோட்டினா என்ற ரகங்களை வெளியிட்டது. மணி மென்மையாக இருந்ததால் வண்டு பிடித்தது, விளைச்சலும் குறைவு, விவசாயி கைவிட்டார். அந்தக் குறையைப் பல ஆண்டுகள் உழைத்து நீக்கியவர்கள் மெக்சிகோவில் பணியாற்றிய இந்தியரான சுரிந்தர் வாசலும் எவாஞ்செலினா வில்லேகாஸும். 2000ஆம் ஆண்டின் உலக உணவுப் பரிசு அவர்களுக்குக் கிடைத்தது. டெல்லி வேளாண் ஆராய்ச்சி நிறுவனத்தில் காமா கதிர் பாய்ச்சி உருவாக்கிய சர்பதி சொனோரா கோதுமையில் லைசின் அதிகம் என்று 1960களின் இறுதியில் சொல்லப்பட்டது. பிற்கால அளவீடுகளில் அது நிற்கவில்லை. அவசரமும் தேசப் பெருமிதமும் சேர்ந்தால் அளவீடு எப்படித் தடுமாறும் என்பதற்கு அது வருத்தமான சான்று.

சேலத்தில் பிறந்த ஊட்டச்சத்து அறிஞர் சி.கோபாலனும், புள்ளியியலாளர் பி.வி.சுகாத்மேயும் அப்போதே மாற்றுக் குரல் கொடுத்தார்கள். இந்தியக் குழந்தைக்குக் குறைவது தனிப் புரதம் அல்ல, உணவே போதவில்லை. வழக்கமான சோறு பருப்பை வயிறார உண்டால் புரதமும் சேர்ந்தே வரும் என்றார்கள். 1974இல் டொனால்ட் மெக்லாரன் 'லான்செட்' இதழில் புரதப் பதற்றத்தையே பெரும் தோல்வி என்று எழுதினார். அவர்கள் சொன்னது அன்றைக்குச் சரி என்றே நான் கருதுகிறேன். மாவு டப்பாக்களையும் மாத்திரைகளையும் விற்க வந்தவர்களிடமிருந்து நாட்டைக் காத்த வாதம் அது. ஆனால் அந்த வாதத்தின் உள்ளே ஒரு நிபந்தனை இருந்தது: 'சோறு பருப்பு'. பருப்பு தட்டில் இருக்கும் என்று அவர்கள் எடுத்துக்கொண்டார்கள்.

இருந்ததா? 1961இல் இந்தியாவில் தலைக்கு நாள் ஒன்றுக்கு 69 கிராம் பருப்பு வகை கிடைத்தது. 2001இல் அது 30 கிராம். பசுமைப் புரட்சி நெல்லையும் கோதுமையையும் பெருக்கியது. பாசன நிலம், கொள்முதல், ஆதரவு விலை எல்லாம் அவற்றின் பக்கம் போயின. பயறு மானாவாரிக்குத் தள்ளப்பட்டது. 2001க்குப் பிறகு ஓரளவு ஏறியிருந்தாலும் பழைய நிலை திரும்பவில்லை. 2015 அக்டோபரில் துவரம்பருப்பு கிலோ 200 ரூபாயைத் தொட்டபோது எத்தனை வீடுகளில் சாம்பார் இளைத்தது என்பதை நாம் எல்லோரும் பார்த்தோம். இன்று இந்தியர் உண்ணும் புரதத்தில் ஏறத்தாழ பாதி தானியங்களிலிருந்து வருகிறது. கோபாலன் கவலைப்பட்ட எரிசக்திப் பள்ளத்தை அரிசி ஓரளவு நிரப்பிவிட்டது. அப்படி நிரப்பியபோது பயறின் இடத்தையும் அரிசியே எடுத்துக்கொண்டது.

2013ஆம் ஆண்டின் தேசிய உணவுப் பாதுகாப்புச் சட்டம் அரிசி, கோதுமை, சிறுதானியம் மூன்றையும் உரிமையாக்கியது. தலைக்கு மாதம் ஐந்து கிலோ. 2023 தொடக்கம் முதல் இலவசம். இதன் அருமையைக் குறைத்துச் சொல்ல எனக்கு மனம் வராது. ஆனால் அந்த ஐந்து கிலோவில் நாள் ஒன்றுக்கு வருவது 167 கிராம் அரிசி. அதில் லைசின் அரை கிராமுக்கும் கீழே. 60 கிலோ எடையுள்ளவருக்கு வேண்டியது 1.8 கிராம். மெலிந்து நோய்ப்பட்ட 50 கிலோ உடம்புக்கு 44 என்ற கணக்கில் 2.2 கிராம். மிச்சத்தைச் சந்தையில் வாங்கிக்கொள்ள வேண்டும். வாங்க முடியாதவர் மேலும் அரிசியைத்தான் வாங்குவார், அதுதான் மலிவு. நாளுக்கு 400 கிராம் அரிசி என்று உயர்த்தினாலும் லைசின் ஒரு கிராமைச் சுற்றித்தான் நிற்கும். தமிழ்நாடு சிறப்புப் பொது விநியோகத்தில் அட்டைக்கு மாதம் ஒரு கிலோ துவரம்பருப்பை 30 ரூபாய்க்குத் தருகிறது. பிற மாநிலங்கள் பார்த்துப் பின்பற்ற வேண்டிய ஏற்பாடு. இருந்தாலும் நான்கு பேர் குடும்பத்தில் அது ஆளுக்கு நாள் ஒன்றுக்கு எட்டு கிராம்தான். லைசினில் 0.13 கிராம்.

இப்போது அந்த மட்டாஞ்சேரித் தட்டுக்கு வாருங்கள். 400 கிராம் அரிசியில் ஒரு கிராம் லைசின். 50 கிராம் பயறில் 0.8 கிராம். ஆனால் பயறில் உள்ளதெல்லாம் உடம்பில் சேர்வதில்லை. செயின்ட் ஜான்ஸ் குழுவே அளந்தபடி, முட்டைப் புரதத்தில் பத்தில் ஒன்பது பங்கு உடம்பில் சேர்கிறது. பயறு, கடலையில் ஆறோ ஏழோ பங்குதான். பயறின் தோலை நீக்கினால் அது கூடுகிறது. ஆக, பயறு உடம்புக்குத் தருவது அரை கிராம் என்று வைத்துக்கொள்ளலாம். இரண்டு மத்தி இன்னொரு கிராமை நெருங்கும். கூட்டிப் பாருங்கள்: நோய்ப்பட்ட உடம்பு கேட்கும் 2.2 கிராம் நிறைந்துவிடுகிறது. லைசின் என்ற சொல் இல்லாமலே அனுபவம் கண்டறிந்த அளவு இது. கப்பை என்ற மரவள்ளிக்கிழங்கோடு மீன்கறி சேர்ந்ததும் இப்படித்தான். கிழங்கில் புரதம் மிகச் சொற்பம் என்பதால் மீன் அங்கே தொட்டுக்கொள்ள வந்தது அல்ல, உயிர் காக்க வந்தது.

ஆனால் மத்தி இன்று பழைய மத்தி இல்லை. கொச்சியில் தலைமையகம் கொண்ட மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனத்தின் கணக்குப்படி, கேரளத்தில் 2012இல் நான்கு லட்சம் டன்னை ஒட்டி வந்த மத்தி, 2021இல் 3,297 டன்னாகச் சரிந்தது. கடல் வெப்பமும் நீரோட்ட மாற்றமும் மத்தியை அலைக்கழிக்கின்றன. அதன்மேல் குஞ்சு மீனையும் வாரும் வலை. பிறகு வரத்து ஓரளவு மீண்டாலும், ஏழையின் மீன் என்ற பெயர் ஆட்டம் கண்டுவிட்டது. பத்து சென்டிமீட்டருக்குக் குறைந்த மத்தியைப் பிடிக்கக் கூடாது என்று கேரளம் 2015இல் விதி செய்தது. சிறு மீனைப் பிடித்தால் அது மீன்தூள் ஆலைக்குப் போகிறது, அங்கிருந்து இறால் பண்ணைக்கும் கோழிப் பண்ணைக்கும் தீவனமாகப் போகிறது. மீன்தூளின் மதிப்பே அதிலுள்ள லைசின் போன்ற அமினோ அமிலங்களில்தான் இருக்கிறது.

இந்த இடத்தில்தான் எனக்கு மனம் கொதிக்கிறது. உலகத்தில் லைசினைத் துல்லியமாகக் கணக்குப் பார்ப்பவர்கள் தீவனம் செய்பவர்கள். 1950களில் ஜப்பானில் கண்டறிந்த ஒரு பாக்டீரியாவைக் கொண்டு சர்க்கரையைப் புளிக்கவைத்து ஆண்டுக்கு இருபது லட்சம் டன்னுக்கு மேல் லைசின் தயாராகிறது. பெரும்பங்கு கோழிக்கும் பன்றிக்கும். அந்தச் சந்தை எவ்வளவு பெரியது என்றால், லைசினிலும் சிட்ரிக் அமிலத்திலும் போட்டியாளர்களோடு கூடி விலை வைத்த குற்றத்துக்காக அமெரிக்காவின் ஆர்ச்சர் டேனியல்ஸ் மிட்லண்ட் நிறுவனம் 1996இல் பத்துக் கோடி டாலர் அபராதம் கட்டியது. நம் நாட்டிலும் கோழித் தீவனத்துக்கான இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் விதியில் லைசினுக்குக் குறைந்தபட்ச சதவீதம் எழுதப்பட்டிருக்கிறது. குறைந்தால் கோழி எடை கூடாது, பண்ணையாருக்கு நட்டம். ரேஷன் கடையில் வரிசையில் நிற்கும் தாய்க்கும் அவள் குழந்தைக்கும் அப்படி ஒரு குறைந்தபட்ச அளவு எந்தச் சட்டத்திலும் இல்லை.

அதற்காக அரிசியில் லைசின் தூளைக் கலந்துவிடலாம் என்று நான் கேட்கவில்லை. கலந்து பார்த்த ஆய்வுகள் உண்டு. கானாவின் அக்ரா நகரில் நாளுக்கு ஒரு கிராம் லைசின் பெற்ற குழந்தைகளுக்கு வயிற்றுப்போக்கு குறைந்ததாக 2010இல் வெளியான ஆய்வு சொல்கிறது. குறை எவ்வளவு உண்மையானது என்பதற்கு அது சான்று. ஆனால் தூள் ஆலையிலிருந்து வரும், லைசினை மட்டும் தரும். பயறு இரும்பையும் ஃபோலேட்டையும் நார்ச்சத்தையும் சேர்த்துத் தரும். விளையும் நிலத்துக்கு நைட்ரஜனையும் விட்டுச்செல்லும். சிறு மீன் சுண்ணாம்புச் சத்தையும் மீன் எண்ணெயையும் தரும். மட்டாஞ்சேரிக்கு எதிரே வெலிங்டன் தீவில் உள்ள, 1957இல் தொடங்கிய மத்திய மீன்வளத் தொழில்நுட்ப நிறுவனம் உள்ளிட்ட ஆய்வு நிலையங்கள் சேர்ந்து, 27 வகை இந்திய உணவு மீன்களின் அமினோ அமிலக் கணக்கை அளந்து 2014இல் வெளியிட்டன. அறிவு இல்லாத குறை நமக்கு இல்லை.

கேரளம் பள்ளிகளில் மதிய உணவை 1984இல் தொடங்கியபோது, முதலில் தேர்ந்தது கடலோர மீனவப் பகுதிகளின் தொடக்கப் பள்ளிகளை. பல ஆண்டுகள் அங்கே பரிமாறப்பட்டது கஞ்சியும் பயறும்தான். பள்ளிப் பிள்ளைக்குக் கொடுத்ததை அவன் வீட்டுக்கும், அவன் தங்கையைச் சுமக்கும் தாய்க்கும், இரவில் கஞ்சியும் ஊறுகாயும் மட்டும் தொட்டுக்கொள்ளும் பாட்டிக்கும் கொடுப்பதுதான் அடுத்த படி. ஆளுக்கு நாளுக்கு 50 கிராம் பயறு என்றால் மாதம் ஒன்றரைக் கிலோ; நால்வர் குடும்பத்துக்கு ஆறு கிலோ. செலவு பெரிதுதான். முழு அளவை ஒரே ஆண்டில் தர முடியாவிட்டால் கர்ப்பிணிகளும் சிறு குழந்தைகளும் உள்ள அட்டைகளிலிருந்து தொடங்கலாம். பயறை ஆதரவு விலைக்கு ஒழுங்காகக் கொள்முதல் செய்தால் மானாவாரி விவசாயிக்கும் பிடிமானம் கிடைக்கும். மத்திக் குஞ்சைக் காக்கும் அளவு விதியைத் துறைமுகத்திலேயே கறாராக அமல்படுத்தினால், வளர்ந்த மீன் தீவன ஆலைக்குப் போகாமல் சந்தைக்கு வரும். குடற்புழு மருந்தும் சாக்கடை மூடியும்கூட லைசின் திட்டத்தின் பகுதிகள்தான் என்பதைச் சுகாதாரத் துறையும் நகராட்சியும் உணர வேண்டும்.

கேரள அரசின் உணவுப் பொருள் வழங்கல் கழகமான சப்ளைகோவின் தலைமையகம், கடல் மீன் ஆய்வு நிறுவனம், மீன்வளத் தொழில்நுட்ப நிறுவனம் மூன்றும் இருப்பது கொச்சியில். பஜார் சாலையின் கஞ்சிக் கடையிலிருந்து எதற்கும் ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகாது. மூன்றும் ஒரு மேசையில் உட்கார்ந்து, ஒரு குடும்ப அட்டைக்கு மாதம் எத்தனை கிலோ பயறு, எத்தனை கிலோ சிறு மீன் என்று எழுதித் தரட்டும். கோழித் தீவன விதியைப் போலவே அதிலும் லைசின் அளவு கிராமில் குறிக்கப்பட்டிருக்க வேண்டும்.